இன்றைக்கு யார் முறை

சமுதாயக்கூடத்துக்குப் போகிற வழியெல்லாம் வளர்மதி தன் நாத்தனார் சுபஸ்ரீயைத் திட்டிக்கொண்டே போனாள். சுபஸ்ரீ மூக்கை உறிஞ்சியபடி பின்னால் வந்தாள்.

"எவனோ கேட்டான்னு நம்பரச் சொல்லிடுவியா? அறிவு இன்னா மேயப் போயிருந்துச்சா?"

திட்டாமல் கொஞ்சுவாளா? பழவேற்காட்டு நண்டையும் இறாலையும் வாட்ஸப்பில் சென்னைக்கு விற்கும் கடை அது. ஐந்து பெண்கள் சேர்ந்து உயிரைக் கொடுத்து வளர்த்தது. ஏரியில் ஆண்கள் பாடு பிரித்து, எந்த இடத்தில் என்றைக்கு யார் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். இவர்களும் அப்படித்தான். யாருக்கு முறையோ அவர் கையில் கடை போன். அன்றைய ஆர்டரும் லாபமும் அவருக்கு. நேற்று சுபஸ்ரீயின் முறை. ஒருவன் பேசினான், போனில் வந்த ரகசிய எண்ணைக் கேட்டான், இவள் சொல்லிவிட்டாள். கடை அவன் கைக்குப் போய்விட்டது. இப்போது அந்தப் படுபாவி இவர்கள் பெயரிலேயே வாடிக்கையாளர்களிடம் முன்பணம் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

காலையிலேயே ஐவரும் கூடி, சுபஸ்ரீக்கு இனி முறை கிடையாது என்று முடிவு செய்தார்கள். முதலில் அதைச் சொன்னவள் வளர்மதி. சுபஸ்ரீயின் புருஷன் இடுப்பு விழுந்து படுத்திருக்கிறான், அந்த முறையை நம்பித்தான் அவள் வீட்டு அடுப்பு எரிகிறது என்பதெல்லாம் தெரிந்தேதான் சொன்னாள். கோபம் அவ்வளவு.

கூடத்தில் அன்றைக்குச் சிறு வியாபாரிகளுக்கு இணையப் பாதுகாப்புப் பயிற்சி. சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்திருந்த பழவேற்காட்டுக் கடைத்தெருப் பெண் தஹ்சீன், இருவரையும் ஓரமாக உட்காரவைத்து கடை போனை வாங்கினாள். நம்பரை மறுபடி பதிந்தாள். புகார் எண்ணுக்குப் பேசினாள்.

"அவன் வெளிய போயிட்டான்க்கா. ஆனா அவன் ஒரு பின் நம்பர் போட்டு வச்சிருக்கான். ஒரு வாரத்துக்கு நமக்கும் தொறக்காது. அதுவரைக்கும் ஒவ்வொரு கஸ்டமருக்கா போன் பண்ணி, காசு போடாதீங்கன்னு சொல்லுங்க." பிறகு சுபஸ்ரீயைப் பார்த்தாள். "அவன் இன்னா சொல்லிக் கேட்டான்?"

"'இன்னியோட உங்க முறை முடியுது, நாளைக்கு வளர்மதி முறை, கடைய அவங்களுக்கு மாத்தி வுடணும், நம்பர் வரும் சொல்லுங்க'ன்னான். நம்ம ஆளுங்க யாரோன்னு நெனச்சேன்."

"உங்க முறையெல்லாம் அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

சுபஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். "அண்ணிதான் டெய்லி போன வாங்கி கடை ஸ்டேட்டஸ்ல போடுவாங்க. இன்னிக்கு இன்னார், நாளைக்கு இன்னார்னு."

முறையை ஊரறியச் சொன்னால்தான் சண்டை வராது. ஏரியில் பாடு பிரிப்பவர்களுக்கும் அதுதான் வழக்கம். போட்டே ஆக வேண்டும் என்று மற்ற நால்வரிடமும் மல்லுக்கு நின்றவளே வளர்மதிதான். திருடன் மெனக்கெடவே இல்லை. இவள் எழுதிப் போட்டதைப் படித்துக் காட்டியிருக்கிறான். சுபஸ்ரீ இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவிட்டால்தானே!

அதற்குள் விஷயம் மேடைக்குப் போயிருந்தது. "இங்கயே ஒரு அம்மா ஏமாந்திருக்காங்களாம். முன்னாடி வாங்கம்மா. நீங்க பேசினா எல்லாருக்கும் பாடமா இருக்கும்" என்றார் பயிற்சியாளர். கையில் போன் தயாராக இருந்தது. வீடியோ பதிவாக ஆரம்பித்துவிட்டது. சுபஸ்ரீ, கூப்பிட்டால் போகத்தானே வேண்டும் என்பதுபோல் எழுந்தாள். கண்ணீரைக்கூடத் துடைக்கவில்லை.

வளர்மதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆள் மேல், திருடன் மேல், எல்லாவற்றையும்விடத் தன் மேல். சுபஸ்ரீயின் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு விறுவிறுவென்று முன்னால் போனாள்.

"யாரக் கேட்டு அவளப் படம் புடிக்கிற? தெரியாதவங்களுக்கு போட்டோ குடுக்காதீங்கன்னு இப்பத்தான சொன்ன?"

"விழிப்புணர்வுக்குத்தாம்மா. ஏமாந்தவங்களே சொன்னாத்தான்..."

"ஏமாந்தவ அவ. யாருக்கு என்னிக்கு முறைன்னு ஊருக்கெல்லாம் போட்டு, திருடனுக்கு வழி காட்டுனவ நானு."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, இவர்கள் கடையின் மற்ற மூன்று பெண்களும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். வளர்மதி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கினீங்களா? அவ முறை அவளுக்குத்தான். யாருக்காச்சும் முறை போவணும்னா, எனக்குப் போவட்டும்."

பயிற்சியாளர் மெல்லப் போனைக் கீழே இறக்கினார்.

"இன்னாத்துக்கு எறக்குற? நல்லா புடி. என் மூஞ்சி தெரியணும்."