வேலிக்குள் இல்லாத பூ

1

இந்தக் கதை ஒரு பலகையிலிருந்து வந்தது. பேருந்துக்காகக் காத்திருந்தபோது சாலையோரத்தில் கம்பி வேலி போட்ட மணல்திட்டு ஒன்றைப் பார்த்தேன். ‘அரிய செடி. மிதிக்காதீர்கள்’ என்று பலகை. எட்டிப் பார்த்தால் உள்ளே இடுப்புயரப் புல். செடியைக் காணோம். அதற்குள் பேருந்து வந்துவிட்டது, ஏறிவிட்டேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் வரி: ‘காலை வெயிலில் மஞ்சள் பூக்கள் தலையசைத்து…’

அடித்துவிட்டேன். இந்தப் பூ தலையசைக்காது. விரலுயரம்தான், தரையோடு தரையாகக் கிடக்கும்.

அடுத்தது: ‘அவள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள், பிடிவாதக்காரி.’ இது இருக்கட்டும். அவளுக்கு ஒரு தம்பி, மண் அள்ளும் வண்டி ஓட்டுகிறான். வீட்டுக்குப் பின்னால் உள்ள மணல்வெளியில்தான் வண்டியைத் திருப்புவான், நிறுத்துவான். அந்தப் பூவும் வருடாவருடம் அங்கேதான் பூத்தது. அந்த வட்டாரத்தில் வேறெங்கும் அது இல்லை.

(ஒரு தகவல், தவிர்க்க முடியாதது: இது ஒரு பருவத்துச் செடி. முளைக்கும், பூக்கும், விதையை மணலில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். அந்த விதை சில வருடம் தாக்குப்பிடிக்கும், காலத்துக்கும் அல்ல. இனி பாடம் எடுக்க மாட்டேன்.)

“பாருடா, நீ எத்தனை பூவை நசுக்கி வச்சிருக்கேன்னு! இனிமே வண்டிய இந்தப் பக்கம் கொண்டு வந்தே, நான் உனக்கு அக்காவே இல்ல.”

“ஒரு புல்லுக்காகக் கூடப்பொறந்தவனையே வேணாங்கிறியா?”

“புல்லு இல்லடா அது!”

வேலி போட்டாள். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியைத் தெருமுனையில் நிறுத்தத் தொடங்கினான்.

3

தம்பியை வில்லனாக்கிப் பார்த்தேன். அவன் வேலியைப் பிய்த்தெறிவதாக ஒரு பத்தி எழுதினேன், ஒட்டவில்லை. என்னதான் முறைத்துக்கொண்டாலும் வேலிக்கம்பத்துக்குக் குழி தோண்டித் தந்தவன் அவன்தான்.

முதல் வருடம் வேலிக்குள் பூ குறைந்தது. மழை சரியில்லை என்றாள். அடுத்த வருடம் இன்னும் குறைந்தது. எறும்பைச் சந்தேகப்பட்டாள். இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. புல் மட்டும் ஜம்மென்று நின்றது. மண்டியிட்டு ஒரு கொத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அடியில் ஒரே வேர்ப்பின்னல், மணலே தெரியவில்லை.

திறந்த மணலில் வெயில் பட்டால்தான் அந்த விதை முளைக்கும். வகுப்பில் அவளே சொல்லிக்கொடுப்பதுதான். மணலை இத்தனை நாள் திறந்து வைத்திருந்தது எது என்று மட்டும் அவள் யோசித்ததே இல்லை. தம்பியின் வண்டிச் சக்கரம்.

(இங்கே அவளை அழவிடலாமா என்று குழம்பினேன். அவள் அழவில்லை, வெட்கப்பட்டாள். அது இன்னும் கஷ்டம்.)

4

தெருமுனைக்குப் போனாள்.

“வண்டிய எடுத்துட்டு வாடா.”

“எங்க?”

“வேலிக்குள்ள.”

“என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“புல்லைக் கிளறணும். சும்மா மேலாப்புல. ஆழமாப் போச்சுன்னா மிச்சம் இருக்கிற விதையும் புதைஞ்சிடும். அப்புறம் அவ்வளவுதான்.”

“மிச்சம் இருக்கா?”

“தெரியலடா.”

இந்த இடத்தில் அவன் சிரிப்பான் என்று எழுதி வைத்திருந்தேன். ‘அன்னைக்கு என்ன பேச்சு பேசினே’ என்று ஒரு வசனம்கூடத் தந்திருந்தேன். பையன் அதைத் தொடவே இல்லை.

“தப்பாப் போனா என்னைத் திட்டக் கூடாது.”

“திட்ட மாட்டேன்.”

“திட்டுவே. பரவால்ல, ஏறி உக்காரு.”

5

முடிவு ஒன்று: அடுத்த பருவத்தில் மணலெங்கும் மஞ்சள். அக்காவும் தம்பியும் கைகோத்து… வேண்டாம்.

முடிவு இரண்டு: எதுவும் முளைக்கவில்லை. தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். எழுதிய கையோடு கிழித்துவிட்டேன்.

ஒரு வரி எழுதினால் விதை முளைத்துவிடும் என்கிற சௌகரியம் எனக்கு இருக்கிறது. அவளுக்கு இல்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் மட்டும் அதை அனுபவிக்க மனம் வரவில்லை.

இப்போதைக்கு நிலவரம் இதுதான். வேலியைக் கழற்றியாகிவிட்டது. வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது. அவள் கீழே இறங்கி, ‘கொஞ்சம் பொறு’ என்று கையைத் தூக்கியிருக்கிறாள். இறக்கினால் தம்பி வண்டியை விடுவான். இறக்காவிட்டாலும் புல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கும்.

அவளுக்குக் கை வலிக்கத் தொடங்கிவிட்டது. நீங்களே சொல்லுங்கள், இறக்கட்டுமா?