வியாழக்கிழமைச் சவாரி

பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸில் எங்கள் ஊர்த் திருவிழாவின் சைக்கிள் பந்தயம் தெருத்தெருவாகப் பத்துச் சுற்று போகும். ஞாயிற்றுக்கிழமை என் கணவன் வானஸ் மூன்றாவது சுற்றிலேயே துவண்டுபோய், சரியாக எங்கள் வீட்டு வாசலில் இறங்கிவிட்டான். பொரித்த உருளைக்கிழங்கைக் கொறித்தபடி தெருவே வேடிக்கை பார்த்தது.

“ரொட்டிக் கடைக்குப் போற கிழவிகூட இதைவிட வேகமா மிதிப்பா!” என்று எதிர்வீட்டுக்காரர் கத்தினார்.

கிளப் பயிற்சியாளர் கோதலீவ் ஓடி வந்தார். தன் கோட்டைக் கழற்றி அவன் தோளில் போர்த்தினார்.

“உன் மேல தப்பில்லப்பா. வியாழக்கிழமை ரெண்டு மணி நேரம் ஓட்டச் சொன்னேன்ல, அதுவே அதிகம். ஒரு மணி நேரத்தோட நிறுத்தியிருக்கணும். என் தப்புதான்.”

எதிர்வீட்டுக்காரருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார்.

இரண்டு மணி நேரமாம்! அன்றைக்கு இந்த மகராசன் இரண்டு மணி நேரம் முடிந்ததும், கோதலீவ் பார்த்துச் சரிபார்க்கும் சைக்கிள் மீட்டரை அணைத்துவிட்டு, இன்னும் மூன்று மணி நேரம் மேடு மேடாக ஏறிவிட்டு வந்தான்.

“அவங்க சொல்ற நேரத்துக்கு உடம்பே சூடாகாது. போட்டுக் குடுத்துடாத” என்று சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது அவன் தலையே நிமிரவில்லை. கோதலீவ் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோட்டு இல்லாமல் அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

“கோவிச்சுக்காதம்மா. அடுத்த தடவை குறைச்சே குடுக்கறேன்.”

“பரவால்ல, விடுங்க” என்றேன்.