கயிற்றைத் தாண்டி எடுத்த படம்

மே மாதம் பிறந்தும் ஸ்பே ஆற்றங்கரையில் குளிர் விட்டபாடில்லை. பைன் மரங்களுக்கிடையே கட்டிய சிவப்புக் கயிற்றின் முன் மர்டோ கேமராவோடு நின்றான். அவனே கட்டிய கயிறுதான். கூட்டிலிருக்கும் விராலடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகு மிரண்டு முட்டையை விட்டு எழுந்துவிடக் கூடாதென்று, வருகிறவர்களை அங்கேயே நிறுத்துவது அவன் பொறுப்பு. போன வாரம்கூட ஒரு சுற்றுலாக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பியிருந்தான்.

அவனுடைய அக்கா இஷ்பெலுக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. கண்ணின் நடுவில் ஒரு கருமை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். இருபத்திரண்டு வருடம் அந்தக் கூட்டைப் பார்த்துக் குறிப்பெழுதியவள் அவள். ஒருநாள் சூப் கிண்டிக்கொண்டே சொன்னாள், அந்தப் பெட்டைப் பறவையின் முகத்தை ஒருதரம் பெரிசாகப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் இருட்டினாலும் பரவாயில்லை என்று. அக்கா யாரிடமும் எதையும் கேட்டறியாதவள். அதனால் அந்தப் பேச்சு அவனை விடாமல் அரித்தது.

கயிற்றுக்கு இப்பாலிருந்து எடுத்த படங்களில் பறவை கட்டைவிரல் அளவே இருந்தது. பத்து நிமிடம்தானே என்று குனிந்து உள்ளே நுழைந்தான். விதியை மீறுகிற எல்லாருக்கும் அது பத்து நிமிடம்தான். பறவை எழுந்தது, தலைக்கு மேல் வட்டமிட்டது, கூட்டின் விளிம்பில் இறங்கிவிட்டு மறுபடி எழுந்தது. மழையும் பனியும் கலந்து கொட்டின. ஒரு நல்ல முகத்துக்காக முக்கால் மணி நேரம் நின்றான். கிடைத்தது.

குஞ்சு பொரிக்க வேண்டிய நாள் வந்து போயிற்று. மூன்று முட்டைகளில் ஒன்றுகூடப் பொரியவில்லை. பறவைக்கு அது தெரியவில்லை, பாவம், அடைகாத்துக்கொண்டே இருந்தது. இந்த வருடக் குளிர் அப்படி என்றார்கள் ஊரில். மர்டோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

ஜூன் கடைசியில் அக்காவின் பிறந்தநாள். படத்தை மேசையகலத்துக்கு அச்சடித்துக் கொண்டுபோய் ஜன்னலோரம் வைத்தான். அவள் தலையைச் சாய்த்து, கடைக்கண்ணால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"என்ன அழகுடா இவ."

அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. அவள் விரல் பறவையின் சிலிர்த்த பிடரிக்குப் போயிற்று. அங்கிருந்து திறந்த அலகுக்கு. நேரே பார்க்கிற மஞ்சள் கண்ணில் வந்து நின்றது.

"மர்டோ, இவ கத்திக்கிட்டு இருக்கா. உன்னைப் பாத்துக் கத்துறா."

அவன் படத்தின் ஓரத்தைச் சரிசெய்தான்.

"எவ்வளவு நேரம் நின்ன?"

"முக்கால் மணி நேரம், அக்கா."

"மழையிலயா?"

"ஆமா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, அன்றைக்குத் தான் வாயைத் திறக்காமல் இருந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவன் படத்தை எடுத்துப்போகக் கை நீட்டினான்.

இஷ்பெல் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டா. கடைசியா நான் பாக்கப்போற முகம் இதுதானே."