கடைசிப் பக்கத்தில் குடை

நர்சம்மா தன் கணவரின் சாவைப் பற்றி எழுதிய நாவல் பதிப்பாசிரியரின் மேசைமேல் இருந்தது. முதல் அத்தியாயத்திலேயே கணவர் இறந்துவிடுகிறார். பிறகு கதை பின்னோக்கி நடந்து, அவர் குடையைத் தேடி வீட்டையே புரட்டிப்போடும் ஒரு மழைநாள் காலையில் வந்து முடிகிறது.

"நடை தண்ணி மாதிரி ஓடுது தங்கச்சி. ஆனா சாவைக் கடைசில வைங்க. அப்பதான் படிக்கிறவங்க அழுவாங்க" என்றார் பதிப்பாசிரியர்.

"நான் அழுததே போதும்ண்ணே. கடைசில வச்சா, படிக்கிறப்பல்லாம் அவர் எனக்குத் திரும்பவும் சாகணும். அதுக்குப் புத்தகமே வரவேண்டாம்."

பதிப்பாசிரியர் கடைசிப் பக்கத்தை எடுத்து மறுபடி படித்தார்.

"குடையை அக்குள்ல இடுக்கிக்கிட்டேவா தேடுறாரு மனுஷன்?"

"ஆமாண்ணே. நானும் சொல்லாம வேடிக்கை பார்த்தேன்."

பதிப்பாசிரியர் சிரித்துவிட்டார். அந்தப் பதிப்பகத்தில் 'முற்றும்' என்று போடாமல் எந்த நாவலும் வெளிவந்ததில்லை. அவர் பேனாவை எடுத்து, பக்கத்தின் அடியில் இருந்த அந்த ஒரு சொல்லை மட்டும் கோடு போட்டு அடித்தார்.

"அப்படியே விட்டுருவோம்மா. அவரு தேடிக்கிட்டே இருக்கட்டும்."

அந்தச் சின்னக் கோட்டுக்காக நர்சம்மா மனத்துக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னாள்.