ஒழுக்காற்றுக் குழுவின் தலைவர்

தீவு நீதிமன்ற வாசலில் நின்று மேரிசுகந்தி தன் சட்டத்தரணி விநாயகமூர்த்திக்கு மறுபடியும் போன் அடித்தாள். பக்திப் பாட்டுத்தான் கேட்டது. நாரந்தனையில் அவள் இருக்கும் வீடு தன்னுடையது என்று, இறந்துபோன கணவனின் தம்பி போட்ட வழக்கு இன்று. போன தவணைக்கும் ஐயா வரவில்லை. இன்றும் அவள் பக்கம் ஒருவரும் எழும்பாவிட்டால் வீடு போய்விடும்.

ஐயா அந்நேரம் யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில், பொன்னாடை சகிதம், 'கடமை தவறாத சட்டத்தரணி' என்ற பொருளில் உரையாற்றிக்கொண்டிருந்தார். சப்ததீவுச் சட்டவாளர் மன்றத்தின் ஒழுக்காற்றுக் குழுத் தலைவர் அல்லவா? கடமையைப் பற்றிப் பேசுவதற்காகக் கடமைக்கு லீவு போட்டிருந்தார்.

மேரிசுகந்தி, படியேறி வந்த இளம் சட்டத்தரணி நிலாந்தியை மறித்தாள்.

"மிஸ், எனக்காக ஒருக்கா எழும்பிக் கதையுங்கோவன்."

"ஏலாது அக்கா. உங்கட புறொக்சி, வழக்குப் பேசச் சொல்லி நீங்கள் கையெழுத்து வைச்சுக் குடுத்த பத்திரம், அவரிட்டக் கிடக்கு. அவர் விடாமல் நாங்கள் தொட்டா, மன்றத்தில விசாரணை வைப்பினம்."

"ஆர் விசாரிக்கிறது?"

நிலாந்தி குரலைத் தாழ்த்தினாள். "அவர்தான்."

"அவரைப் பற்றி முறைப்பாடு குடுக்கிறதெண்டா?"

"மன்றத்தில எண்டா அதுவும் அவரிட்டத்தான். கொழும்பு உயர் நீதிமன்றத்துக்கும் எழுதலாம். மறுமொழி வரக் காலம் எடுக்கும்."

"ஒரே வாசலில எல்லா அலுவலும் முடியுது. நல்ல வசதி," என்றாள் மேரிசுகந்தி. சிரிக்கவில்லை.

உள்ளே வழக்கு அழைக்கப்பட்டது. எதிராளி பக்கம் சட்டத்தரணி இல்லை, உடனே கட்டளை தரவேண்டும் என்று கொழுந்தனின் சட்டத்தரணி கேட்டார். மேரிசுகந்தி எழுந்து மற்றச் சட்டத்தரணிகளைப் பார்த்தாள். கறுப்புக் கோட்டுகள் அத்தனையும் தத்தம் கோப்புகளுக்குள் மிக முக்கியமான எதையோ தேடத் தொடங்கின. நிலாந்தியும் தேடினாள். பிறகு கோப்பை மூடிவிட்டு எழுந்தாள்.

"கனம் நீதிபதி அவர்களே, இவருக்காக நான் தோன்றவில்லை. நீதிமன்றத்துக்கு உதவியாக ஒன்று சொல்கிறேன். சட்டத்தரணி வராதது இவருடைய பிழையல்ல. புறொக்சியை ரத்துச் செய்ய இவருக்கு ஒரு தவணை வேண்டும்."

நீதிபதி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். பிறகு தவணை எழுதினார்.

வெளியே மூத்த சட்டத்தரணி பஸ்ரியாம்பிள்ளை காத்து நின்றார். "பிள்ளை, ஒழுங்கை மீறிப்போட்டீர். தலைவர் உம்மட்ட விளக்கம் கேப்பார்."

"கேக்கட்டும் சேர். இந்த அக்கான்ர முறைப்பாட்டை நான்தான் கொழும்புக்கு எழுதிக் குடுக்கப் போறன். எங்களுக்கு ஒழுங்கு வைச்சது சனத்தைக் காப்பாத்த. எங்களைக் காப்பாத்த நாங்களே அதைப் பாவிச்சா, கோர்ட்டுக் கதவு திறந்து கிடந்தும் சனத்துக்குப் பூட்டினதுதான்."