துடைத்த கம்பி

அந்தக் காலத்தில் லஸ்ஸில் பல் டாக்டர் ராஜகோபாலனைத் தெரியாதவர்கள் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்ப்பார். அதற்காக சபாக்களில் மாலை மரியாதையெல்லாம் நடந்தது. மாலை போட்டவர்களில் ஒருவராவது வெள்ளிக்கிழமை வந்து எட்டிப் பார்த்திருந்தால் தேவலை.

சாந்தோம் நோரா அவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை கற்றுக்கொண்டிருந்தாள். பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் கம்பியை ஒவ்வொரு வாய்க்கும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தவர் டாக்டர்தான். இலவச நேரத்தில் ஸ்டவ்வை அணைக்கச் சொன்னவரும் அவரேதான்.

"கிருஷ்ணாயில் என்ன வானத்துலேர்ந்தா கொட்டறது? துணியால துடைச்சாப் போறும்."

எதிர்த்துப் பேசினால் பயிற்சி போய்விடும்; அதை நம்பியிருந்த ஆஸ்பத்திரி வேலையும் போய்விடும். நோரா பயந்துகொண்டு துடைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை திருவல்லிக்கேணியிலிருந்து தையல்காரி சகினா வந்தாள். போன வாரம் நோராதான் அவளுக்குப் பல் சுத்தம் செய்திருந்தாள். இப்போது கன்னம் வீங்கிக் கண்ணை மறைத்தது.

"இன்னாம்மா பண்ணே நீ? சோறு துண்ண முடியல!"

நோரா கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"வெத்தலையைக் குதப்பியிருப்பே. போய் உக்காரு" என்று டாக்டர் அவளை விரட்டினார். பிறகு தாமே நாற்காலியில் சாய்ந்தார். "நோரா, சாயங்காலம் கல்யாணத்துக்குப் போகணும். முன்பல் கறையைச் சித்த எடுத்துடு."

நோரா கம்பியை எடுத்தாள்.

"கொதிக்க வெச்சியோ?"

"துடைச்சேன், டாக்டர்."

"துடைச்சியா! அறிவிருக்கா நோக்கு?" அவர் துள்ளி எழுந்தார்.

சகினாவும் எழுந்துவிட்டாள். "ஏன் டாக்டர், உன் வாய்க்குன்னா கொதிக்கணும், எங்க வாய்க்குத் துடைச்சா போதுமா? தர்மம்னு கூப்ட்டு நோவக் குடுக்கிறியே, அதுக்கு சும்மா இருந்துடலாமே!" பிறகு நோராவின் பக்கம் திரும்பினாள். "நீயும் தெரிஞ்சேதானே பண்ணே?"

நோரா ஸ்டவ்வைப் பற்றவைத்தாள்.

"அணை! இல்லேன்னா நாளைலேர்ந்து வராதே!"

"வரலை, டாக்டர். இவங்களைப் பார்த்து முடிச்சிட்டுப் போயிடறேன்." அவள் கம்பியை ஸ்டவ் மேலிருந்த தண்ணீரில் போட்டாள். "தெரிஞ்சேதான் பண்ணேன், அக்கா. காசு குடுக்காதவங்களுக்கும் அதே சுத்தத்தோடதான் செய்யணும். பயந்துக்கிட்டு இருந்தது என் தப்பு."

சகினா சிரிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

"தப்புன்னு சொன்னா வீக்கம் எறங்கிடுமா? மொதல்ல தண்ணி கொதிக்கட்டும்."