அம்மா பேரில் ஒரு லீவு

அய்யா செத்துப்போன அன்றைக்கு நான் அமெரிக்கன் ஓட்டலில் உட்கார்ந்து கோழி தின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளுங்கள்.

சவூதியில் ஏசி மெக்கானிக் வேலை எனக்கு. அல்கோபாரில் அமெரிக்கர்கள் குடியிருக்கும் காலனி ஒன்றில் ஏசி மாட்டும் வேலையை முடித்துக் கொடுத்திருந்தோம். அந்தச் சந்தோஷத்தில் மேனேஜர் ஜாபர் சாதிக், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் என்னை விருந்துக்குக் கூப்பிட்டார். பாய் கீழக்கரைக்காரர். நான் உச்சிப்புளி. ஒரே மாவட்டத்துக்காரன் என்பதால் என்மேல் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் பிரியம் கூடுதல்.

அவர் வண்டி கேம்ப் வாசலில் வந்து ஹாரன் அடித்த நேரம்தான் சித்தப்பா போன் செய்தார். காலையில் தோட்டத்துக்குப் போன அய்யா மோட்டார் ரூம் பக்கத்திலேயே விழுந்து போய்விட்டாராம். ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வச்சிருப்போம்ப்பா. அதுக்குள்ள வந்திரு. வரலைன்னா பெரியப்பா மகன்தான் கொள்ளி வைக்கணும்" என்றார்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு ஃப்ளைட். கொழும்பு மாறி, காலையில் மதுரை. அதைப் பிடித்தால் அய்யாவின் முகத்தைப் பார்க்கலாம். அதைப் பிடிக்க ஜாபர் பாய் தன் போனில் என் லீவுக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அய்யா செத்துட்டார் பாய் என்று மூன்று வார்த்தை சொன்னால் அந்த நிமிடமே கொடுத்துவிடுவார்.

அந்த மூன்று வார்த்தையை நான் இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

தங்கச்சி ஜெயப்பிரியாவுக்குக் கல்யாணம். நான் சேர்ந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது, லீவு தரமாட்டார்கள். தாய், தகப்பன், பெண்டாட்டி, பிள்ளை இறந்தால் மட்டும் உடனே விடுவார்கள். கேம்பில் பாதிப் பேர் ஒரு தடவையாவது தகப்பனைச் சாகடித்தவர்கள்தான். நானும் பாய் முன்னால் நின்று அழுது காட்டினேன். ஊருக்குப் போய் அய்யாவிடம் சொன்னபோது, உயிரோடு இருப்பவனைச் செத்ததாகச் சொன்னால் ஆயுசு கூடும், நல்லதுதான் செய்தாய் என்று வயிறு குலுங்கச் சிரித்தார். மடையன் நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்போது உண்மையைச் சொன்னால்? போன வருடம் பரமக்குடிப் பையன் ஒருவன் இதே பொய்யில் மாட்டினான். விசாரணை, விசா கேன்சல் என்று நாலு மாதம் இழுத்தடித்து அனுப்பினார்கள். எனக்கு நாலு மாதம் இல்லை. நாலு மணி நேரம்தான் இருந்தது. வேலை போனால் போகட்டும், மயிராச்சு. இன்றைக்குப் போக வேண்டும்.

ஓட்டலில் சிவப்பு ரெக்சின் போட்ட சோபாக்கள், சுவரெல்லாம் பழைய கார் நம்பர் பிளேட்டுகள். மெனு கார்டில் பாதி ஐட்டங்களுக்கு முன்னால் மாம்ஸ், மாம்ஸ், அதாவது அம்மா செய்தது என்று போட்டிருந்தது. அமெரிக்காக்காரனுக்கு மனசு சரியில்லை என்றால் இங்கே வந்துதான் தின்பானாம், அவன் அம்மா ஆக்கிப் போட்டது மாதிரி இருக்குமாம். பாய்தான் விளக்கினார். எனக்கு மாடு ஆகாது என்று தெரிந்து பொரித்த கோழியும், மசித்த உருளைக்கிழங்கும், சீஸில் தோய்த்த மக்ரோனியும் சொன்னார்.

எங்கள் பக்கம் பிணத்தை எடுக்கும்வரை பெற்ற பிள்ளை பச்சைத்தண்ணிதான் குடிப்பான். நான் கோழித்தொடையைக் கடித்தேன். கடிக்காவிட்டால் ஏன் சாப்பிடலை என்று கேட்பார், கேட்டால் உடைந்துவிடுவேன். என்ன சொல்வது என்று முடிவாகும்வரை வாயை எதிலாவது அடைத்துவைக்க வேண்டியிருந்தது. உருளைக்கிழங்கு தொண்டையில் சேறு மாதிரி நின்றது. பாய் இன்னொரு கரண்டி வைத்தார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. தகப்பனை ஏற்கெனவே செலவழித்தாயிற்று. லிஸ்டில் ஒரே ஒரு ஆள்தான் பாக்கி. அந்த ஆள் அந்த நேரம் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பாய், அம்மா செத்துப்போச்சு."

சொல்லிவிட்டேன். சொன்ன வாயில் கோழி இருந்தது. பாய் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நடிப்பு இல்லை. சித்தப்பா போன் வந்ததிலிருந்து அய்யாவுக்காக அடக்கி வைத்திருந்த அத்தனையும் அம்மா பேரைச் சாக்காக வைத்துக்கொண்டு வெளியே வந்தது. பக்கத்து மேசை வெள்ளைக்காரம்மா டிஷ்யூ எடுத்து நீட்டினாள்.

பாய் ஒரு கேள்வி கேட்கவில்லை. போனை எடுத்து ஆபீஸ் ஃபாரத்தைத் திறந்தார். காரணம் என்ற இடத்தில் தாய் மரணம் என்று போட்டார். அம்மா பேர் கேட்டார். ராக்கு என்றேன். உயிரோடு இருக்கும் அம்மாவின் பேரைச் செத்தவர்கள் கட்டத்தில் நான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதோடு விட்டாரா? தன் மச்சான் அப்துல் ஹமீதுக்குப் போன் போட்டார். மச்சானுக்கு ராமநாதபுரத்தில் கடை. உச்சிப்புளி பக்கம்தானே, ஒரு மாலை வாங்கிக்கொண்டு உடனே துட்டி கேட்கப் போங்கள் என்றார். வேண்டாம் பாய் என்று கையைப் பிடித்தேன். போன தடவையும் நீ வேண்டாமென்று சொல்லி நான் கேட்டுவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது, நம்ம பக்கத்து ஆள் வீட்டுச் சாவுக்கு யாரும் போகாமல் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

பைக்கில் இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம். ஃபாரத்தில் கடைசிப் பொத்தானை அவர் இன்னும் அழுத்தவில்லை. டிக்கெட் நேரம், கேம்பில் என் இடத்துக்கு யார் என்று ஒவ்வொன்றாக விசாரித்து நிரப்பினார். அழுத்துங்கள் பாய் என்று காலில் விழத் தோன்றியது. மக்ரோனி ஆறி மேலே ஏடு கட்டியிருந்தது. நான் அதையும் தின்றேன்.

அவர் போனில் வாட்ஸப் சத்தம் கேட்டது. உச்சிப்புளி பஸ் ஸ்டாப்பில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸை மச்சான் படம் பிடித்து அனுப்பியிருந்தார். எங்கள் ஊரில் ஆள் சாய்ந்த மூன்றாவது மணி நேரத்தில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். இந்தச் சனியனை நான் எப்படி மறந்தேன்? அய்யா வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தார். முனியசாமி, இன்றைய தேதி. கீழே கண்ணீருடன் என்று போட்டு, மனைவி ராக்கு, மகன் காளீஸ்வரன் என்று என் பேரும்.

பாய் அதை இரண்டு தடவை படித்தார். போனை என் பக்கம் திருப்பி மேசையில் வைத்தார்.

"உங்க அய்யா மொத தடவை செத்தாருல்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். "அன்னைக்கு எங்க வாப்பா ஆஸ்பத்திரில கிடந்தாரு. நான் டிக்கெட் போட்டு வச்சிருந்தேன். ரெண்டு பேருல ஒருத்தருதான் போகலாம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. கிடக்குறவரை அடுத்த வாரம் கூடப் பாக்கலாம், போனவரைப் பாக்க முடியாதுல்ல. அதான் உன்னைய அனுப்புனேன்."

அவருடைய வாப்பா இறந்தது எனக்குத் தெரியும். அவர் ஊருக்குப் போகாதது தெரியாது. அவரும் சொன்னதில்லை.

"நீ போன நாலாம் நாளு மவுத் ஆயிட்டாரு" என்றார்.

நாலாம் நாள். அன்றைக்கு ஜெயப்பிரியா கழுத்தில் தாலி ஏறியது. நான் பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தேன், அய்யா இலைக்கு இலை போய்ப் போதுமா போதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பாய் போனை எடுத்தார். தாய் என்று இருந்ததை அழித்துவிட்டுத் தந்தை என்று மாற்றினார். ஒரே தகப்பன் எப்படி இரண்டு தடவை சாவான் என்று ஆபீஸ் கேட்டால் இனி அவர்தான் பதில் சொல்ல வேண்டும். கடைசிப் பொத்தானை அழுத்தினார்.

"எந்திரி. ஃப்ளைட்டு போயிரும்" என்றார்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அவர்தான் சுற்றி வந்து, என் எச்சில் கையைப் பிடித்துத் தூக்கினார்.